சம்பந்திமாரும் இரண்டு பனிமலைகளும்

குளிர்காலம் தொடங்கியதும் உங்கள் மேசைக்கு முன்னால் யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்து, இரண்டு மலை ஊர்களின் பெயரைச் சொல்லி, "இதில எங்க சினோ கூட?" என்று கேட்பார். எங்கே பனி அதிகம் என்று அர்த்தம். தயவுசெய்து உடனே கணினியைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு தேநீர் கொடுங்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவர் உண்மையில் என்ன கேட்கிறார் என்பது பாதியாவது வெளியே வந்துவிடும். மீதிப் பாதி வெளியே வருவதற்கு எனக்கு ஒருமுறை ஒரு வாரம் முழுவதும் பிடித்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும் என்று முதலாளி அண்ணை சொல்லச் சொன்னார். பயன்படாவிட்டாலும் சிரிக்கலாம்.

நான் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இந்தக் கடைக்கு வந்த காலத்தில் நாங்கள் விற்றதெல்லாம் கொழும்பு டிக்கெட், சென்னை டிக்கெட், கோயில் யாத்திரை. பனிச்சறுக்கு என்பது வெள்ளைக்காரர் காலை முறித்துக்கொள்வதற்காகச் சூட்கேஸ் கட்டிக்கொண்டு போகும் விஷயம் என்றுதான் நினைத்திருந்தோம். பிறகு இங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தோடு ஒருமுறை மலைக்குப் போய் வந்தார்கள். கல்யாணம் கட்டியதும் அம்மா அப்பாவையும் இழுத்துக்கொண்டு போக ஆசைப்பட்டார்கள். அப்போது முதலாளி அண்ணை என்னைக் கூப்பிட்டு, "இனிமேல் மலை எல்லாம் உம்முடையது" என்றார். ஏதோ சீதனம் எழுதித் தருவது போல இருந்தது. நான் இன்றுவரை ஒரு ஸ்கீ பலகையில் கால் வைத்ததில்லை. அதனால் நீங்களும் வெட்கப்பட வேண்டாம்.

பனி அறிக்கை படிப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது முதலாளி அண்ணையின் தவறிலிருந்து. ஒரு குடும்பத்துக்கு அவரே டிக்கெட் போட்டார். அறிக்கையில் பெரிய எண் ஒன்று இருந்தது, அதைக் காட்டி அனுப்பிவிட்டார். அவர்கள் திரும்பி வந்து கைபேசியில் படம் காட்டினார்கள். நல்ல பச்சைப் புல். அதன் நடுவே ஐந்து பேர், தலை முதல் கால் வரை பனி உடுப்புடன், நிலாவில் இறங்கத் தயாரானவர்கள் போல. அந்தப் பெரிய எண் மலை உச்சியில் அளந்தது. இவர்கள் தங்கியது அடிவாரத்தில். அன்றிலிருந்து நான் மூன்று கேள்வி இல்லாமல் எந்த எண்ணையும் நம்புவதில்லை. எங்கே அளந்தது? எப்போது அளந்தது? விழுந்த பனியா, கிடக்கிற பனியா? நிறைய விழுந்தும் நிற்காமல் போகும் ஊர் உண்டு. குறைவாக விழுந்தும் மாதக்கணக்கில் நிற்கும் ஊர் உண்டு.

ஆனால் மனிதர்கள் சொல்லும் எண்களுக்கு இந்த மூன்று கேள்வி போதாது. அதை எனக்குக் காட்டியவர்கள் இரண்டு சம்பந்திமார்.

துளசி லண்டனில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பெண், மருத்துவர். கார்த்திக் திருச்சிக்காரப் பொடியன், கணினி வேலை. இருவரும் கல்யாணம் முடித்துக் கிங்ஸ்பரியில் இருந்தார்கள். துளசியின் தகப்பன் குணரத்தினம் அண்ணை லண்டனின் சட்டன் பகுதியில் மரமும் பைப்பும் விற்கும் கடை வைத்திருப்பவர். கார்த்திக்கின் தகப்பன் சொக்கலிங்கம் ஐயா பொதுப்பணித் துறையில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி விசாலம் அம்மாவும் மகனோடு சில மாதம் இருக்க வந்திருந்தார்கள். விசாலம் அம்மாவுக்குப் பனி பார்க்க ஆசை. திருச்சி வெயிலில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு அது நியாயமான ஆசைதான். அதனால் இரு வீட்டாரும், ஆறு பேரும், சேர்ந்து போவதென்று முடிவாயிற்று. அதுவரைக்கும் எல்லாம் சுமுகம்.

துளசி, ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் ஒவ்வோர் ஊரின் படத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"அன்ரி, ரெண்டு ஊர் பாத்து வச்சிருக்கிறம். ஒண்டு பிரான்ஸ், ஒண்டு ஒஸ்ரியா. அப்பாவுக்கு ஒஸ்ரியாதான் வேணுமாம். மாமாவுக்கு பிரான்ஸ்தான் வேணுமாம். எவ்ரி டே ஃபைட். ரெண்டு பேரும் தங்கட ஊரிலதான் சினோ கூட எண்டு சொல்லினம். நீங்களே சொல்லுங்கோ, எங்க கூட?"

"எப்ப முடிவு வேணும் பிள்ளை?"

"சனிக்கிழமைக்குள்ள. அதுக்குப் பிறகு ஹோட்டல்காரர் ரூம் வச்சிருக்க மாட்டினமாம்."

அறையைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது என்று பிறகுதான் சொன்னாள். கல்யாணத்தில் சாம்பாரா, மரக்கறிக் குழம்பா என்பதிலேயே இரு தகப்பன்மாருக்கும் சின்ன உரசல். இந்தப் பயணத்தில் அது ஆறும் என்று பிள்ளைகள் நம்பியிருந்தார்கள். இப்போது பயணமே புதிய உரசலாகிவிட்டது. சொக்கலிங்கம் ஐயா, "அப்ப நாங்க ஊருக்குக் கிளம்பறோம், நீங்க போயிட்டு வாங்க" என்று ஒருமுறை சொல்லியும் விட்டாராம். கார்த்திக் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று துளசி சொன்னபோது அவளுடைய குரலில் சிரிப்பு இல்லை.

அடுத்த நாள் காலையில் தொலைபேசி. குணரத்தினம் அண்ணை.

"தங்கச்சி, இந்தக் கிழமை ஒஸ்ரியாவில புதுசா இருபது விழுந்திருக்குது. குறிச்சு வையும்."

அவர் வைத்த சூட்டோடு அடுத்த அழைப்பு. சொக்கலிங்கம் ஐயா.

"மேடம், வணக்கம். ஃப்ரான்ஸ்ல இந்த வாரம் ஐம்பது. சம்பந்தி இருபதுன்னு சொல்லிட்டிருக்கார். ஐம்பது பெருசா, இருபது பெருசா? நீங்களே சொல்லிடுங்க."

நான் இரண்டு அறிக்கையையும் எடுத்துப் பார்த்தேன். ஒருவர் கடையில் பைப்பை அங்குலத்தில் வெட்டி விற்பவர். மற்றவர் மெட்ரிக் அளவில் பாலம் கட்டியவர். இருபது அங்குலம், ஐம்பது சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒன்றேதான். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே உயரமான பனிக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து இருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, இரண்டும் சமம் என்று சொன்னேன்.

குணரத்தினம் அண்ணை, "சமம் எண்டா என்ன கருத்து? அப்ப நான் சொன்னது பிழையோ?" என்றார். சொக்கலிங்கம் ஐயா இன்னும் மோசம். "சமம்னு நீங்க யாரைத் திருப்திப்படுத்தச் சொல்றீங்க மேடம்?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, இதை மனதில் வையுங்கள். போட்டியில் நிற்கும் இருவரிடம் சமம் என்று சொன்னால் இருவருமே தோற்றவர்கள் ஆகிறார்கள். நான் இரண்டு எதிரிகளைச் சம்பாதித்தேன். அதில் மட்டும் அவர்கள் ஒற்றுமை.

மறுநாள் மத்தியானம் குணரத்தினம் அண்ணை நேரே கடைக்கு வந்தார். "இந்தப் பக்கம் ஒரு அலுவல்" என்றார். சட்டனில் கடை வைத்திருப்பவருக்கு ஃபாரஸ்ட் கேட்டில் என்ன அலுவல்? நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு ரயில் மாறி வந்திருக்கிறார். நான் கேட்கவில்லை, தேநீர் போட்டேன். அவர் கொழும்பு விமானம் எப்படி என்று விசாரித்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். அதன் படம் நன்றாக இருக்கிறது என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்த ஒஸ்ரியா ஊரை இன்ரநெற்றில காட்டுற கமரா இருக்கெல்லோ, நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். மலைக்கு மேல வெள்ளை. ஊருக்குள்ள றோட்டு மட்டும் கறுப்பாத் தெரியுது. தார் றோட்டுத்தானே?"

"ஓம் அண்ணை. இந்த வருசம் ஊர் மட்டத்தில மழைதான் கூட."

"றோட்டில சினோ நிக்காது?"

"பெரும்பாலும் நிக்கேல்லை."

"நல்லது" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்கு விளங்கவில்லை. "அண்ணை, சினோ கூட எண்டு சொல்லித்தானே அந்த ஊரைக் கேக்கிறியள்?"

"மேல கூட. கீழ இல்லை. அதுதான் எனக்கு வேணும்." கோப்பையை மேசையில் வைத்தார். "நான் இந்த நாட்டுக்குப் பிளேனில வந்து இறங்கின ஆள் இல்லைத் தங்கச்சி. களவா ஆக்களைக் கொண்டுவாற ஏஜென்சிக்காரன் ஒரு காட்டுக்கரையில வான் வண்டியை நிப்பாட்டி, அந்தப் பக்கம் போனால் அடுத்த நாடு எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். முழங்காலுக்கு மேல சினோ. ஊரில இருந்து வந்த அதே சப்பாத்து. அதிலயும் இடது காலில போட்டது நடுவழியில கழண்டு சினோவுக்குள்ள போட்டுது. தேட நிக்க ஏலாது, நிண்டால் விட்டிட்டுப் போயிடுவாங்கள். மற்ற ஆக்களுக்கு சினோ எண்டால் கிறிஸ்மஸ் கார்ட். எனக்கு இடது கால்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்தான் சிரிக்கவில்லை.

லண்டனில் பனி விழும் நாட்களில் அவர் கடை திறப்பதில்லையாம். வீட்டில் நாரி நோ, அதுதான் இடுப்பு வலி, என்று சொல்லிவிடுவாராம். துளசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது முற்றத்தில் பனியில் விளையாடக் கூப்பிடுவாள். இவர் யன்னலுக்குள்ளிருந்து கையாட்டுவார். அவளுக்கு இன்றுவரை தெரியாது. மனைவி மலருக்குப் பாதி தெரியும்.

"அப்ப, நான் வரேல்லை எண்டு சொல்லுங்கோவன்" என்றேன்.

"சம்பந்திக்கு முன்னாலயோ? அவர் மணாலியில ஸ்கீ ஓடின மனுசன். கல்யாண வீட்டிலயே சொல்லிப்போட்டார். நான் என்ன, சினோவுக்குப் பயம் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கவோ?"

சட்டனுக்குப் போகும் ரயிலைப் பிடிக்க அவசரமாக எழுந்தார். வாசலில் நின்று, "இது எங்களுக்குள்ள" என்றார்.

அடுத்த நாள் காலை சொக்கலிங்கம் ஐயா அழைத்தார். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். மனிதர் குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார்.

"மேடம், அந்த ஃப்ரான்ஸ் ஊர்ல மலைக்கு ஏத்திவிடற லிஃப்ட்டை எல்லாம் அடிக்கடி மூடிடறாங்களாமே?"

"ஓம் ஐயா. உயரமான ஊர். காத்தும் கூட, பனியும் கூட. அப்பிடியான நாளில யாரும் மேல போக ஏலாது."

"ரொம்ப நல்லது."

ஒரு வாரத்தில் இரண்டாவது முறையாக ஒருவர் கெட்ட செய்தியைக் கேட்டு நல்லது என்றார். நான் பேசாமல் இருந்தேன். இதுவும் நீங்கள் பழக வேண்டிய ஒன்று. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் பேச வேண்டியதில்லை.

"மேடம், இந்த மணாலி விஷயம்..." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார். "ஆபீஸ் டூர் போனோம். வாடகைக்குப் பலகை குடுத்தான், மாட்டிக்கிட்டேன். ஃபோட்டோ எடுக்கிற வரைக்கும் நின்னேன். அதுவே நண்பர் ஒருத்தர் பின்னாடி கோட்டைப் பிடிச்சுக்கிட்டதால. அவர் கையை விட்டார், நான் விழுந்தேன். குதிரையில வெச்சுக் கீழே கொண்டுவந்தாங்க. அந்த ஃபோட்டோவைத்தான் விசாலம் ஹால்ல மாட்டி வெச்சிருக்கா. வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டுவா. நான் என்ன சொல்றது?"

"அப்ப இப்ப..."

"லிஃப்ட்டை மூடிட்டா யாரும் என்னை ஏறச் சொல்ல மாட்டாங்க பாருங்க. நாங்க ரெடிதான், மலைதான் ரெடியா இல்லைன்னு சொல்லிடலாம். சம்பந்தி வேற இந்தக் குளிர் நாட்டுலயே இத்தனை வருஷம் இருக்கார், அவருக்குப் பனியெல்லாம் பழக்கம். அவர் முன்னாடி விழுந்தா எப்படி இருக்கும்?"

தொலைபேசியை வைத்த பிறகு பின்னறைக்குப் போய் வயிறு நோகச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் குணரத்தினம் அண்ணையின் இடது கால் நினைவு வந்தது.

நிலைமையைப் பாருங்கள். இருவருமே பனி அதிகம் என்று மற்றவரிடம் பெருமையடிக்க ஓர் ஊர் வேண்டும், ஆனால் அந்தப் பனியில் கால் வைக்கக்கூடாது. ஒருவர் தார் றோட்டை நம்பியிருக்கிறார். மற்றவர் புயலை நம்பியிருக்கிறார். ஒருவருடைய இரகசியத்தை மற்றவரிடம் சொன்னால் பிரச்சினை ஒரு நிமிஷத்தில் தீரும். ஆனால் நமக்கு அந்த உரிமை இல்லை. இந்த மேசைக்கு முன்னால் சொல்லப்பட்டது இந்த மேசையிலேயே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். கடையில் நாற்காலி போதவில்லை. முதலாளி அண்ணை நிலைமையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் நாற்காலியையும் கொடுத்து, பேங்குக்குப் போவதாகச் சொல்லி வெளியேறினார். சனிக்கிழமை பின்னேரத்தில் எந்த பேங்க் என்று நான் கேட்கவில்லை.

துளசி, "சரி அன்ரி, சொல்லுங்கோ" என்றாள்.

இரண்டு தகப்பன்மாரும் என்னைப் பார்த்தார்கள். இருவர் கண்ணிலும் ஒரே மன்றாட்டு. நான் முதலில் காப்புறுதியை, அதுதான் பயண இன்சூரன்ஸை, பிடித்தேன். அது பொய்யும் இல்லை. குணரத்தினம் அண்ணைக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, சொக்கலிங்கம் ஐயாவுக்கு இரத்த அழுத்தம்.

"ஸ்கீ ஓடுறதெண்டால் ரெண்டு பேருக்கும் டொக்டரின்ர கடிதம் தேவைப்படலாம். அது இல்லாமல் காப்புறுதிக்காரர் ஒத்துக்கொள்ளாயினம்."

அடடா, அந்த இரண்டு முகங்களும் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ரூல்னா ரூல்தான்" என்றார் சொக்கலிங்கம் ஐயா, மிகவும் வருத்தப்படுபவர் போல.

"என்ன செய்யிறது, எனக்கு ஆசைதான்" என்றார் குணரத்தினம் அண்ணை.

"அப்பா, டோன்ட் வொரி!" என்றாள் துளசி. "உங்கட டொக்டரை எனக்கு நல்லாத் தெரியும். திங்கட்கிழமையே கதைக்கிறன். மாமாவுக்கும் செக் பண்ணி எடுக்கலாம். ரெண்டு பேரும் நல்ல ஃபிட்!"

கார்த்திக்கும் தன் பங்குக்கு, "அப்பா, நீங்க தினமும் வாக்கிங் போறீங்களே, கண்டிப்பா குடுத்துடுவாங்க" என்றான்.

பிள்ளைகள் பாசமாக இருப்பதும் சில நேரம் ஆபத்து. நான் திறந்து வைத்த கதவை அவர்களே அடைத்துவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அடுத்து என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நான் செய்வது ஒன்றுதான். எந்தப் பதிவிலும் வழக்கமாகக் கேட்கும் அடுத்த கேள்வியைக் கேட்பேன்.

"ஸ்கீ பள்ளிக்கூடத்துக்குப் பேர் குடுக்க வேணும். யார் யார் பழகப் போறியள்?"

கார்த்திக் தன் பேனாவை என்னிடம் நீட்டினான்.

"சம்பந்தி பேரை முதல்ல போடுங்க" என்றார் சொக்கலிங்கம் ஐயா. "அவர் இந்த நாட்டு மனுஷர்."

"சீச்சீ, அது முறையில்லை. சம்பந்தி அனுபவசாலி. அவரை முதல் போடுங்கோ."

"நீங்க மூத்தவர்."

"நீங்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்."

கல்யாணத்தில்கூட இவ்வளவு மரியாதை நடந்திருக்காது. துளசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது, அதுவரை மேசையிலிருந்த படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த விசாலம் அம்மா தலையை நிமிர்த்தினார்.

"என் பேரைப் போடுங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னம்மா?" என்றான் கார்த்திக்.

"நான்தான் கத்துக்கப் போறேன். இவர் மணாலிக் கதையை இத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். அப்படி அதுல என்னதான் இருக்குன்னு நானும் பாக்கணும்ல? பனி பாக்கணும்னு ஆசைப்பட்டது நான். இங்க ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

நானும் கேட்கவில்லை. மூக்கில் அடித்தது போல இருந்தது. யாருடைய ஆசைக்காக இந்தப் பயணமோ அவரை விட்டுவிட்டு, ஒரு வாரமாக மற்ற எல்லோரிடமும் பேசியிருக்கிறேன்.

"அப்ப என்ர பேரையும் போடும்" என்றார் குணரத்தினம் அண்ணையின் மனைவி மலர் அக்கா. "அவா தனியப் போய் என்ன செய்யிறது."

தகப்பன்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சுதாரித்தவர் குணரத்தினம் அண்ணை.

"பொம்பிளையள் ஆசைப்படுகினம். நாங்கள்தான் விட்டுக்குடுக்க வேணும், சம்பந்தி."

"நிச்சயமா" என்றார் சொக்கலிங்கம் ஐயா. "நமக்கு என்ன, எப்ப வேணாலும் பண்ணிக்கலாம்."

இப்போது ஊர் மட்டும்தான் மீதி. அதுவரை குழம்பிக் கிடந்த எனக்கு அந்த நேரத்தில்தான் தெளிவு வந்தது. யார் பனியில் இறங்கப் போகிறார்கள் என்று தெரியாமல் எங்கே பனி அதிகம் என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. இப்போது தெரிந்துவிட்டது. முதல்முறை பலகை மாட்டப்போகும் இரண்டு அம்மாமார்.

நான் சொக்கலிங்கம் ஐயாவின் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, முழு வருசத்தையும் எடுத்துப் பாத்தால் நீங்கள் சொன்னதுதான் சரி. பிரான்ஸ் ஊரிலதான் பனி கூட. அதில சந்தேகமே இல்லை."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். குணரத்தினம் அண்ணையின் முகம் வெளுத்தது.

"பனி கூட எண்டபடியால்தான் அது வேண்டாம் எண்டு சொல்லுறன். அங்க லிஃப்டை மூடினால் அம்மாமாருக்குப் பாடம் இல்லை, நாள் வீணாப் போகும். ஒஸ்ரியாவில கேபிள் காரில மேல போனால் புதுசாப் பழகுற ஆக்களுக்கெண்டே சமதரை மாதிரி ஒரு இடம் இருக்குது. அங்க பனி நிச்சயம். பக்கத்திலயே பெரிய கண்ணாடி வச்ச சாப்பாட்டுக்கடை. பழகாத ஆக்கள் உள்ள இருந்து பாக்கலாம். ஊருக்குள்ள தார் றோட்டு."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. பனிப் போட்டியில் ஒருவர் வென்றார். மற்றவருக்கு ஊர் கிடைத்தது. சொக்கலிங்கம் ஐயா, "நான் சொன்னேன்ல, ஃப்ரான்ஸ்லதான் அதிகம்னு" என்று மூன்று தரம் சொன்னார். குணரத்தினம் அண்ணை ஒரு தரமும் மறுக்கவில்லை. போகும்போது என் மேசையைக் கையால் மெல்லத் தட்டிவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு முதலாளி அண்ணை பேங்கிலிருந்து கையில் ஒரு பொதி வடையுடன் திரும்பி வந்தார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் பெரிய கெட்டிக்காரி என்று உங்களுக்கு முன் உட்கார்ந்திருப்பேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் சும்மா அந்த ஊர்க் கமராவைத் திறந்தேன். திரை முழுவதும் வெள்ளை. கணினிதான் பழுதோ என்று பார்த்தேன். இல்லை. இரவிரவாகப் பனி கொட்டியிருக்கிறது, அந்த வருஷம் முழுவதும் ஊருக்குள் விழாதது எல்லாம் சேர்த்து. விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. ஒரு மனிதர் பனி அள்ளும் சவளோடு நின்று, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயால் சொல்லி அனுப்பிய தார் றோட்டு எங்குமே இல்லை.

உடனே கைபேசியை எடுத்தேன். குணரத்தினம் அண்ணைக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. கொழும்பு டிக்கெட் ஒன்றைப் பிழையான மாதத்துக்குப் போட்டு, திருத்தி, மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. மத்தியானம் அவரே அழைத்தார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, றோட்டைக் காணேல்லை."

"அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான்..."

"பிறகு கதைக்கிறன், பிறகு கதைக்கிறன். சம்பந்தி விழப் போறார்!"

தொடர்பு அறுந்தது. அந்த வாரம் முழுவதும் நான் பட்ட பாட்டை விடுங்கள். அவர்கள் திரும்பி வந்ததும் துளசியும் சொக்கலிங்கம் ஐயாவும் சாக்லேட் பெட்டியோடு கடைக்கு வந்தார்கள். நடந்ததை ஐயாதான் சொன்னார், கையைக் காலை ஆட்டி.

காலையில் அம்மாமார் இருவரும் கார்த்திக்கோடும் துளசியோடும் பனிக்குள் இறங்கிப் போய்விட்டார்கள். தகப்பன்மார் இருவரும், களைப்பு என்று சொல்லி, ஹோட்டல் யன்னலோரம் தேநீரோடு உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் விசாலம் அம்மா மேலேயிருந்து அழைத்து, "நான் நிக்கறேன்! யாரும் பிடிக்காம நிக்கறேன்! வந்து பாருங்க" என்றிருக்கிறார். போகாமல் இருக்க முடியாது. கேபிள் கார் நிலையம் அந்தத் தெருவின் கடைசியில். இருவரும் வாசலில் நின்று, நீங்கள் முன்னால் போங்கள், நீங்கள் முன்னால் போங்கள் என்று மறுபடி மரியாதை. கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்பதால் ஐயா காலை எடுத்து வைத்தார். வைத்த கால் போன இடம் தெரியவில்லை. சம்பந்தியின் கோட்டை எட்டிப் பிடித்தார்.

"அப்பதான் மேடம், சம்பந்தி மூஞ்சியே மாறிடுச்சு" என்றார் ஐயா. "கொஞ்ச நேரம் அந்தப் பனியையே பாத்துட்டு நின்னார். அப்புறம் என்னைப் பிடிச்சு நிமித்தினார். 'எனக்குப் பின்னால வாங்கோ. நான் வைக்கிற அடியிலயே அடி வையுங்கோ. அவசரப்படாதேங்கோ, காலைப் பதிச்சு வையுங்கோ' அப்படின்னார். முன்னாடி போக ஆரம்பிச்சுட்டார். நான் பின்னாடி. அவர் கால் சின்னது மேடம், என் கால் அந்தக் குழியில நுழையவே இல்லை. ஆனா ஒரு இடத்துலயும் விழலை."

இவர்களைக் கூட்டிக்கொண்டு போகக் கீழே இறங்கி வந்த துளசி, தெருவின் மறுபக்கம் நின்று இதைப் பார்த்திருக்கிறாள். பனிக்குள் ஒருநாளும் இறங்காத தகப்பன் முன்னால். பின்னால் மாமா, அவருடைய கோட்டு நுனியைப் பிடித்தபடி. "அப்பா, இப்பிடி நடக்க எங்க பழகினீங்கள்?" என்று கேட்டாளாம். குணரத்தினம் அண்ணை அந்தப் பனிக்குள்ளேயே நின்று சொல்லத் தொடங்கினார். கேபிள் காரிலும் சொன்னார். மேலே கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தும் சொன்னார். சூப் ஆறிப் போயிற்று.

"எல்லாரும் அழுதுட்டோம்" என்றார் ஐயா. "அவர் அவ்வளவு உண்மையைச் சொன்னதுக்கு அப்புறம் நான் எப்படி மேடம் சும்மா இருக்கறது? மணாலியைச் சொல்லிட்டேன்."

"விசாலம் அம்மா என்ன சொன்னா?"

ஐயா சாக்லேட் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "'அந்த ஃபோட்டோல உங்க கோட்டைப் பிடிச்சிருக்கிற கை தெரியுதே, அது யாரோடதுன்னு நான் இத்தனை வருஷமா கேட்டேனா?'ன்னு சொன்னா. அவ்வளவுதான்."

அவர் பக்கத்துக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் துளசி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அன்ரி, அப்பா உங்களிட்ட இதை முதலே சொன்னவரா?"

நான் கணினியைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரிஞ்சது அந்த ஊர் றோட்டைப் பற்றி மட்டும்தான் பிள்ளை" என்றேன். "அதுவும் பிழைச்சுப் போச்சு."

அவள் மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். சுவரோரம் கொழும்பு டிக்கெட்டுக்காகக் காத்திருந்த ஒரு கிழவர் பேப்பரை இறக்கிவிட்டு, "தங்கச்சி, இதுவும் டிக்கெட்டோட சேர்த்தியோ, இல்லாட்டி வேற கட்டணமோ?" என்று கேட்டார்.